தொட்டிலும் பட்டமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டிக் கிங்ஸ் சர்க்கிளில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்வியைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் நமக்குக் கட்டளையிட்டுள்ளனர். நாமோ இருப்புப்பாதை அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் ஓர் எழுத்தர்; பள்ளி இறுதித் தேர்வோடு நின்றவர். கல்லூரிக்குள் மாணவராய் நுழையாத ஒருவர் கல்லூரிப் படிப்பைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். பந்தியில் இடம் கிடைக்காதவனுக்கே பந்தியின் அருமை நன்கு தெரியும் என்பது நம் விடை. அந்தத் துணிவோடு பேச வந்துள்ளோம். பிழையிருப்பின் பெரியோர்கள் பொறுத்தருள்க.

இன்னும் சிறிது நேரத்தில் இம்மேடையில், பள்ளி இறுதித் தேர்விலும் பட்டத் தேர்விலும் சிறந்த மதிப்பெண் பெற்ற நம் பிள்ளைகளுக்குத் தலைவர் அவர்கள் பரிசு வழங்குவார்கள். நாம் அனைவரும் கைதட்டி மகிழ்வோம். அம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும் அந்தக் கைதட்டலினூடே ஒரு கேள்வியையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தப் பிள்ளைகளோடு ஒரே ஆண்டில் பிறந்து, ஒரே மொழி பேசி, ஒரே நகரில் வளர்ந்து, ஆனால் இந்த மேடைக்கு வராமலே போன பிள்ளைகள் எங்கே?

அவர்கள் நெடுந்தொலைவில் இல்லை. இங்கிருந்து நடந்து சென்றாலே தாராவியை அடைந்துவிடலாம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கும் பிற கூலி வேலைகளுக்கும் வந்த குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. அலுவலகப் பணிக்காக வந்தோர் பலர் மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறினர். இரு சாராரும் தமிழர்; இரு சாராரும் பிழைப்பைத் தேடி வந்தோர். ஆயினும் ஒரு சாராரின் வீட்டுச் சுவரில் பட்டமளிப்பு விழாப் படம் தொங்குவது இயல்பாகிவிட்டது. மற்றொரு சாராரின் வீட்டில் அது இன்னும் அருமையாகவே உள்ளது. இதற்குக் காரணம் யாது?

பணம் என்பர் சிலர். அது மெய், மறுப்பதற்கில்லை. தனிப் பயிற்சி இல்லை என்பர் சிலர். அதுவும் ஓரளவு மெய். ஆனால் "அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்வோரும் உளர். அது பொய், பொய்யினும் கொடிய பொய். படிப்பு ஏறாத குழந்தையென்று ஆண்டவன் எவரையும் படைக்கவில்லை. கல்லூரியில் வெளிப்படும் வேற்றுமை கல்லூரியில் தோன்றுவதன்று. உயர்நிலைப் பள்ளியிலும் தோன்றுவதன்று. குழந்தை பள்ளியின் படியில் முதல் அடி வைக்கும் முன்பே, அதாவது ஆறு வயதிற்குள்ளேயே, அதன் பெரும்பகுதி விதைக்கப்பட்டு விடுகிறது. இன்று நாம் சொல்ல வந்த செய்தி இஃது ஒன்றே.

முதல் ஆறு ஆண்டுகள்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம் பாட்டிமார் சொல். இன்றைய அறிவியலும் அதையே சொல்லுகிறது. குழந்தையின் மூளை வளர்ச்சியில் நூற்றுக்கு 85 பங்கிற்கு மேல் ஆறு வயதிற்குள் நிகழ்ந்துவிடுவதாக 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை குறிப்பிடுகிறது. மூளை உணவால் மட்டும் வளர்வதன்று, பேச்சாலும் வளர்வது. குழந்தை ஓர் ஒலி எழுப்புகிறது. தாய் அதற்கு மறுமொழி தருகிறாள். குழந்தை மீண்டும் ஒலிக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலே கல்வியின் முதற் பாடம்.

இதை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையை எண்ணிப் பாருங்கள். குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்தனர். தலையசைத்து ஆடும் செங்கீரை, தாலாட்டுக் கேட்கும் தால், கை கொட்டும் சப்பாணி, முத்தம் வேண்டும் முத்தப் பருவம், தளர்நடையிட்டு வருக என அழைக்கும் வாரானை, நிலவைக் காட்டி அழைக்கும் அம்புலி என்று அது விரிந்து செல்லுகிறது. ஒவ்வொரு பருவத்திலும் பெரியவர் ஒருவர் குழந்தையை நோக்கிப் பேசிக்கொண்டே இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். பேசத் தெரியாத குழந்தையிடம் பேசு. அப்போதுதான் அது பேசும் என்பதே அதன் உட்பொருள். நிலாச்சோறு ஊட்டும்போது சொல்லும் கதையும், பல்லாங்குழியில் சோழிகளை எண்ணிப் போடும் கணக்கும், கண்ணாமூச்சியில் தன் முறை வரும்வரை காத்திருக்கும் பொறுமையும் விளையாட்டல்ல, அவை பாடங்கள்.

இவை எவ்வாறு கல்லூரி வரை செல்லும் என்று ஐயுறலாம். வழி நேரானதே. சொற்களை நிறையக் கேட்ட குழந்தை, எழுத்துகளைக் கூட்டிப் படிக்கும்போது அச்சொல்லை எளிதில் அடையாளங் கண்டுகொள்ளுகிறது. கேளாத குழந்தைக்கோ எழுத்தும் புதிது, சொல்லும் புதிது, பொருளும் புதிது. முதல் இரண்டு மூன்று வகுப்புகளில் பிள்ளைகள் படிப்பதற்குக் கற்கின்றனர். அதற்குப்பின் கற்பதற்காகப் படிக்கின்றனர். இந்தத் திருப்பத்தில் பின்தங்கிய குழந்தை, வரலாறு, அறிவியல், கணிதம் என எல்லாப் பாடங்களிலும் பின்தங்குகிறது. ஏழாம் வகுப்பில் வெட்கம் வருகிறது; ஒன்பதாம் வகுப்பில் வெறுப்பு வருகிறது; அதன்பின் பள்ளியை விட்டு நிற்கும் நாள் வருகிறது. "பையன் பத்தாவதில் கோட்டை விட்டான்" என்கிறோம். அந்தக் கோட்டையின் அடித்தளமே இடப்படவில்லை என்பதை எவரும் நினைப்பதில்லை.

நேரம் இல்லாத வீடு

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஏழைத் தாய்மாரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. தாராவியில் இட்லித் தொழில் செய்யும் ஒரு வீட்டை மனக்கண்ணில் காணுங்கள். ஊர் உறங்கும் வேளையில் அங்கே அடுப்பு எரிகிறது. விடிவதற்குள் இட்லிகள் வெந்து, பாத்திரங்களில் நிறைந்து, சைக்கிளிலும் தலைச்சுமையிலும் நகரெங்கும் செல்ல வேண்டும். பகலெல்லாம் அரிசி களைதல், ஊறவைத்தல், மாவாட்டல், பாத்திரம் துலக்கல். அதே அறையில்தான் சமையல், உறக்கம், தொழில், குழந்தை வளர்ப்பு எல்லாம். மூன்று வயதுக் குழந்தை கொதிக்கும் பாத்திரத்தின் அருகே வந்தால் தாய் என்ன சொல்வாள்? "தொடாதே! தள்ளிப் போ! சும்மா உட்கார்!" வேறு சொல்ல அவளுக்கு ஏது வழி? நாள் முழுவதும் அக்குழந்தையின் காதில் விழும் சொற்கள் பெரும்பாலும் தடுக்கும் சொற்களே. "இது என்ன? அது ஏன்? நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்கும் குரல் அங்கே எழுவதற்கு நேரம் இல்லை. அன்பில் குறைவில்லை, நேரத்தில்தான் குறைவு.

நம் குடியிருப்பு வீடுகளிலோ நேரம் ஓரளவு உண்டு. ஆனால் இன்று அந்த நேரத்தைக் கைப்பேசி விழுங்கிக்கொண்டிருக்கிறது. குழந்தை அழுதால் கையில் ஒளித்திரையைக் கொடுத்துவிடுகிறோம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே கூடாது என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகாது என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. திரை பேசும்; ஆனால் குழந்தைக்கு மறுமொழி சொல்லாது. ஆதலின் ஏழைவீட்டில் இல்லாமையால் இழப்பதை, நம் வீடுகளில் இருந்தும் இழக்கின்றோம்.

அயல்நாட்டில் கண்ட உண்மை

"இவையெல்லாம் கேட்க நன்றாயிருக்கின்றன, சான்று உண்டா?" என்று நீங்கள் வினவுவீர்கள். உண்டு. நம்மைப்போல் சிறுபான்மையாய், வறுமையில், பெரிய சமூகத்தின் ஓரத்தில் வாழ்ந்த மக்களிடையே நடந்த இரு சோதனைகளைக் கூறுவோம்.

அமெரிக்க நாட்டில் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி என்னும் ஊரில், 1962 முதல் 1967 வரை, ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் குழந்தைகள் 123 பேரை இரு பிரிவாக்கினர். மூன்று நான்கு வயதுடைய அவர்களுள் 58 பேர் பெரி மழலையர் பள்ளிக்குச் சென்றனர். 65 பேர் செல்லவில்லை. காலையில் இரண்டரை மணி நேர வகுப்பு. அத்தோடு வாரந்தோறும் ஆசிரியை வீட்டிற்கே வந்து தாயோடு உரையாடிச் செல்லுவார். அவ்வளவே. அக்குழந்தைகளை அவர்களுடைய நாற்பதாம் வயது வரை அறிஞர்கள் பின்தொடர்ந்து கண்டனர். மழலையர் பள்ளிக்குச் சென்றோருள் நூற்றுக்கு 65 பேர் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முறையாக முடித்தனர். செல்லாதோருள் முடித்தவர் நூற்றுக்கு 45 பேரே.

மற்றொரு சோதனை வட கரோலினா மாநிலத்தில் 1972ஆம் ஆண்டில் தொடங்கியது. அபிசிடேரியன் திட்டம் என்பது அதன் பெயர். அதிற் சேர்ந்த 111 குழந்தைகளுள் ஏறத்தாழ எல்லாருமே கறுப்பினத்தவர். ஒரு பிரிவினரைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே ஐந்து வயது வரை, நாள் முழுவதும் காப்பகத்தில் வைத்து வளர்த்தனர். அங்கே எழுத்துப் பயிற்சியைவிடப் பேச்சும் விளையாட்டுமே மிகுதி. முப்பது வயதாகும்போது அவர்களுள் நூற்றுக்கு 23 பேர் கல்லூரிப் பட்டம் பெற்றிருந்தனர். அவ்வாய்ப்புப் பெறாத பிரிவிலோ நூற்றுக்கு 6 பேரே! தொட்டிலில் கிடந்தபோது பேசிய பேச்சு, இருபதாண்டு கழித்துப் பட்டமாக விளைந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

இவற்றில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அதை மறைத்தல் ஆகாது. பெரி பள்ளிக் குழந்தைகள் முதலில் அறிவுத் தேர்வுகளில் உயர்ந்த எண்கள் பெற்றனர். ஆனால் சில ஆண்டுகளில் அந்த ஏற்றம் மறைந்துவிட்டது. அப்படியாயின் நின்றது எது? கற்க வேண்டும் என்னும் விருப்பம், எடுத்த வேலையை முடிக்கும் பொறுமை, பிறரோடு இணங்கிப் பழகும் பாங்கு ஆகியவை நின்றன. அவையே அவர்களைப் பள்ளியில் நிறுத்தின. ஆகவே, மூன்று வயதுக் குழந்தைக்கு ஆங்கில எழுத்துகளை மனப்பாடம் செய்வித்து, உறவினர் முன்னே ஒப்பிக்கச் செய்து மகிழ்வோர், தாம் எதை வளர்க்கிறோம் என்று சிந்திக்க வேண்டும்.

நம் நாட்டு முன்னோடிகள்

அயல்நாட்டை நோக்கி வியந்துகொண்டே இருக்க வேண்டுவதில்லை. உலகம் போற்றும் மாண்டிசோரி அம்மையார் தம் முதல் குழந்தைகள் இல்லத்தை 1907ஆம் ஆண்டில் ரோம் நகரத்தின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில்தான் தொடங்கினார்; நம் மும்பையின் சாலைப் போன்றதோர் அடுக்குக் கட்டடம் அது. அவர் 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றிற்கு வந்து, போர்க் காலத்தில் நம் நாட்டிலேயே தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்.

நமக்கு இன்னும் அருகிலேயே ஒரு முன்னோடி உண்டு. மும்பையிற் பிறந்த தாராபாய் மோடக் அம்மையார், மேற்கு இருப்புப்பாதையை ஒட்டிய போர்டி என்னும் சிற்றூரில் 1945ஆம் ஆண்டில் குழந்தைக் கல்விப் பணியைத் தொடங்கினார். அனுதாய் வாக் அம்மையார் துணை நின்றார். ஆதிவாசிக் குழந்தைகள் பள்ளியைத் தேடி வரவில்லை. எனவே பள்ளியே அவர்கள் வீட்டு முற்றத்தைத் தேடிச் சென்றது. கல்லும், சிப்பியும், இலையும், விதையுமே கருவிகள். 1957ஆம் ஆண்டில் அப்பணி கோஸ்பாட் குன்றிற்குச் சென்று வேரூன்றியது. முற்றத்துப் பள்ளி என்று பொருள்படும் அங்கன்வாடி என்னும் சொல் இன்று நாடெங்கும் வழங்குகிறதன்றோ! அதன் பின்னே இவ்விரு பெண்மணிகளின் உழைப்பு உள்ளது.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை நடுவணரசு நாட்டில் 33 இடங்களில் சோதனையாகத் தொடங்கிற்று. அந்த முதல் இடங்களுள் நம் தாராவியும் ஒன்று. இதை நம்மவருள் எத்தனை பேர் அறிவர்? துணை உணவு, தடுப்பூசி, உடற்சோதனை, மருத்துவமனைக்கு அனுப்புதல், முன்பருவக் கல்வி, தாய்மார்க்கு நலவாழ்வு அறிவுரை ஆகிய ஆறு பணிகள் அதில் அடங்கும். பசித்த வயிறும் சோகை பிடித்த உடலும் எழுத்தை ஏற்கா. இதை உணர்ந்தே, தம் பள்ளிப் படிப்பு இளமையில் நின்றுபோன காமராசர், முதலமைச்சராய் இருந்தபோது 1956ஆம் ஆண்டில் பள்ளிகளில் மதிய உணவைக் கொணர்ந்தார். 1982ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். அவர்கள் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பள்ளிக்குச் செல்லும் வயது வராத குழந்தைகளையும் அதில் சேர்த்தார். 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் காலை உணவும் வந்தது. ஆனால் அங்கன்வாடி சோறிடும் இடம் மட்டுமே என்று எண்ணிப் பெற்றோர் நின்றுவிடலாகாது. அது குழந்தையின் முதல் பள்ளி.

பரேலில் ஓர் அறை

அரசின் திட்டம் ஒருபுறம் இருக்க, வீடு என்ன செய்யும் என்பதற்கு இந்நகரமே ஒரு பெரும் எடுத்துக்காட்டைத் தந்துள்ளது. டாக்டர் அம்பேத்கர் அவர்கள் சிறுவராய் இருந்தபோது, அவர்தம் குடும்பம் பரேலில் ஒரு தொழிலாளர் சாலில் ஒற்றை அறையில் வாழ்ந்தது. சமையலும் உறக்கமும் படிப்பும் அங்கேயே. தீண்டாமையின் கொடுமை பள்ளியிலும் தெருவிலும் அவரைத் தொடர்ந்தது. ஆனால் வீட்டில் தந்தை ராம்ஜி அவர்கள் இருந்தார்; படையில் ஆசிரியப் பணி புரிந்தவர். பிள்ளைகளைச் சுற்றி அமரவைத்து இதிகாசங்களைப் படித்துக் காட்டுவார். பக்திப் பாடல்களைப் பாடச் செய்வார். மொழியையும் கணக்கையும் தாமே கற்பிப்பார். மகன் நூல் கேட்டால், கையிற் பணமில்லாதபோது, மணமாகிச் சென்ற பெண்களிடம் நகையைக் கடனாகப் பெற்று அடகு வைத்தேனும் வாங்கித் தருவார்.

அம்பேத்கர் 1907ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் தேறினார். 1912ஆம் ஆண்டில் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1913ஆம் ஆண்டில் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு அமெரிக்கா சென்றார். உலகம் உதவித்தொகையைப் பேசுகிறது. உதவித்தொகை வந்தபோது அதை ஏந்துவதற்கு ஒரு மாணவர் ஆயத்தமாய் இருந்தாரே, அவரை ஆயத்தம் செய்தது அந்த வீட்டின் மாலை நேரமன்றோ! அறை சிறிது, அதில் ஒலித்த சொற்கள் பெரியன.

மொழியின் கேள்வி

இனி, குடிபெயர்ந்த நமக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருவோம். நம் குழந்தை வீட்டில் தமிழ் கேட்கிறது; தெருவில் இந்தி கேட்கிறது; அரசு அலுவலகத்தில் மராத்தி; பள்ளியில் ஆங்கிலம். "இத்தனை மொழிகள் எதற்கு? தமிழை விட்டுவிட்டால் சுமை குறையும்" என்று பெற்றோர் பலர் முடிவு செய்கின்றனர். தமக்கே சரியாக வராத ஆங்கிலத்தில் குழந்தையோடு பேசுகின்றனர். "கம், சிட், ஈட்" என்ற மூன்று சொற்களில் ஒரு தாய் தன் உள்ளத்தை எப்படித் திறந்து காட்ட இயலும்? கதை சொல்ல இயலுமா? காரணம் விளக்க இயலுமா?

குழந்தையின் கல்வியைத் தாய்மொழியில் தொடங்குவதே சிறந்தது என்று யுனெஸ்கோ நிறுவனம் 1953ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. முதல் மொழியில் ஆழ்ந்த அறிவு பெற்ற குழந்தை, இரண்டாம் மொழியையும் அதன் வலிமையால் கற்றுக்கொள்ளும் என்பதைக் கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979ஆம் ஆண்டில் விளக்கினார். ஒரு கிணற்றில் நீந்தக் கற்றவன் எந்தக் குளத்திலும் நீந்துவான் என்பது போன்றதே இது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய வேண்டும் என்று நம் அரசியலமைப்பின் 350ஏ பிரிவு கூறுகிறது. 1956ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது அது. மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்தி வருகிறது. ஆனால் மேல் வகுப்புகளுக்குச் செல்லச் செல்லத் தமிழ்வழி குறுகி, பல பிள்ளைகள் இடையில் வேறு மொழிக்கு மாற நேர்கிறது. அந்த மாற்றத்தைத் தாங்கும் வலிமை, தமிழில் நன்றாக ஊன்றிய குழந்தைக்கே உண்டு.

ஆதலின் நாம் சொல்வது: ஆங்கிலம் வேண்டும், மராத்தியும் வேண்டும், இந்நாட்டுச் சோற்றை உண்ணும் நாம் இந்நாட்டு மொழியை மதித்துக் கற்றல் கடமை. ஆனால் ஆறு வயது வரை வீட்டில் நல்ல தமிழ் நிறைய ஒலிக்கட்டும். அது பிற மொழிகளுக்குத் தடையன்று, வாயில்.

சங்கம் செய்யத்தக்கன

நம் ஊருக்குச் செல்லும் வண்டி கர்ஜத்தில் நிற்பதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். பிள்ளைகள் வடா கேட்கும் இடம் அது. அங்கே வண்டியின் பின்புறத்தில் துணை எஞ்சின்களைப் பூட்டுகின்றனர். பாங்கர் என்பது அவற்றின் பெயர். ஏனெனில் அதற்கப்பால் லோனாவ்லா வரை மலையேற்றம். 37 அடி சென்றால் ஓர் அடி உயரும் கடும் சரிவு. அந்தத் துணையை மலையடிவாரத்திலேயே பூட்ட வேண்டும். பாதி வழியில் வண்டி மூச்சுத் திணறி நின்றபின் தேடுவதும், லோனாவ்லாவை அடைந்த வண்டிக்கு மாலை சூட்டுவதும் எளியனவல்ல என்று சொல்லோம். ஆனால் அவை உதவியாகா. நம் சங்கம் பத்தாம் வகுப்பிற்கும் பட்டத்திற்கும் பரிசளிப்பது மேட்டை எட்டிய வண்டிக்கு மாலை. அது இருக்கட்டும். அடிவாரத்தில் துணை எஞ்சின் பூட்டும் பணியையும் நாம் மேற்கொள்ள வேண்டும்.

மாதுங்காத் தமிழர்களின் முன்னோர் செய்ததும் அதுவே. 1932ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவியபோது அவர்கள் முதலில் கண்டது பள்ளி. சயானில் கல்லூரி எழுந்தது 1960ஆம் ஆண்டில். வேரை நட்டனர், கனி பின்னர் வந்தது.

ஆகவே ஐந்து வேண்டுகோள்களைச் சங்கத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, சங்கத்தின் அறை பகற்பொழுதில் பூட்டியே கிடக்கிறது. வாரத்தில் மூன்று நாட்களேனும் அதைத் திறந்து, மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கதை நேரம் நடத்துவோம். பணி ஓய்வு பெற்ற பெரியோர்களும் பாட்டிமார்களுமே ஆசிரியர்கள். பாடநூல் வேண்டா, கதையும் விளையாட்டும் போதும். தாராவிக் குழந்தைகளும் குடியிருப்புக் குழந்தைகளும் ஒரே பாயில் அமரட்டும்.

இரண்டாவது, தாராவியிலுள்ள அங்கன்வாடிகளுக்கு நம் மகளிர் அணியினர் சென்று வர வேண்டும். அங்குள்ள பணியாளர் மராத்தியோ இந்தியோ பேசுபவராயின், தமிழ்க் குழந்தை வாய் திறவாமல் மூலையில் அமர்ந்திருக்கும். அந்த அம்மையாரின் இசைவு பெற்று, தமிழில் ஒரு கதை சொல்லி வந்தால் அக்குழந்தையின் நா விடுதலை பெறும்.

மூன்றாவது, பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, பள்ளிச் சேர்க்கை விண்ணப்பம் இவற்றை நிரப்புவதில் ஏழைப் பெற்றோர்க்கு உதவுவோம். எழுத்துப் பணியில் பழகியோர் நம்முள் பலர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையுள்ளோர்க்கே உரிமை வழங்குகிறது. ஆறு வயதிற்குக் கீழ்ப்பட்ட குழந்தையைக் காப்பது பெரும்பாலும் பெற்றோரும் அண்டை அயலாருமே.

நான்காவது, கருவுற்ற தாய்மார்க்கும் கைக்குழந்தையுள்ள தாய்மார்க்கும் ஆண்டுக்கு இருமுறை மருத்துவரை அழைத்து அறிவுரை வழங்கச் செய்வோம். அக்கூட்டத்திற்குத் தந்தைமாரும் கட்டாயம் வர வேண்டும். குழந்தை வளர்ப்பு தாய்க்கு மட்டும் எழுதிக் கொடுத்த பட்டா அன்று. பணி முடிந்து வீடு திரும்பும் தந்தை அரைமணி நேரம் குழந்தையோடு பேசினால், அதற்குச் செலவு ஏதுமில்லை.

ஐந்தாவது, இவ்வாறு சேரும் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் ஒரு பேரேட்டில் எழுதி, அது கல்லூரி செல்லும்வரை ஆண்டுக்கொருமுறையேனும் விசாரிப்போம். விதைத்தவன் நீர் பாய்ச்சாமல் இருந்தால் பயிர் வாடும். முன்பருவத்தில் தந்த ஊக்கமும் பின்னர்த் தாங்கிப் பிடிப்பார் இல்லையேல் தேய்ந்துவிடும்.

இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டும் என்று அஞ்ச வேண்டா. இவ்விழாவிற்கு ஆகும் பந்தற் செலவிலும் பூமாலைச் செலவிலும் பத்தில் ஒரு பங்கு போதும். அறையுண்டு, ஆட்களுண்டு, கதையுண்டு, மொழியுண்டு. மனம் ஒன்றே வேண்டுவது.

அன்பர்களே! கல்லூரிப் பட்டம் ஒன்றே வாழ்வென்று நாம் சொல்லவில்லை. பட்டமின்றி நேர்மையாய் உழைத்து உயர்ந்தோர் நம்மிடையே பலர். ஆனால் ஒரு குழந்தை கல்லூரிக்குச் செல்லாமை அதன் விருப்பத்தால் நேர வேண்டுமேயன்றி, மூன்று வயதில் அதனோடு பேச ஆளில்லாமையால் நேரலாகாது. பரிசு பெறும் இளைஞர்களே! உங்களுக்கு வாழ்த்துக் கூறுகிறோம். உங்கள் வெற்றிக்குப் பின்னே தாலாட்டிய குரல் ஒன்றும், கதை சொன்ன குரல் ஒன்றும் உண்டு. அக்குரலை இன்னொரு வீட்டுக் குழந்தைக்குக் கொடுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். சங்கத்தின் அறைச் சாவி செயலாளரிடம் உள்ளது.